அபிஷன் கொண்டுவந்த டிஸ்க்

பஹ்மியாவைக் கதிரையில் முழுசாக இருக்க நான் கண்டதில்லை. நுனியில் தொற்றிக்கொண்டு, எந்த நேரமும் எழும்பி ஓடத் தயாராக இருப்பாள். பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தால் பாதியைக் குடித்துவிட்டு மீதியை எங்காவது வைத்துவிட்டுப் போய்விடுவாள். பின்னேரத்தில் லைற் ஸ்ராண்டுக்குப் பக்கத்தில் ஒன்று, பிரிண்டருக்கு மேல் ஒன்று என்று அவளுடைய கோப்பைகளைப் பொறுக்கி எடுப்பது என் தலையெழுத்து. காலில் சக்கரமா கட்டியிருக்கிறாய் என்று கேட்டால் சிரித்துக்கொண்டே அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

நான் மயூரி. கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்குகிற ஒழுங்கையொன்றில், மாடியில் இருக்கும் ஸ்ரூடியோவில் அல்பம் வடிவமைக்கிறேன். முதலாளி ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை. கலியாண வீடு, பெண்பிள்ளை பெரியவளானால் செய்கிற சாமத்திய வீடு, செத்த வீடு மூன்றுக்கும் கமராவோடு போவோம். பஹ்மியா கமரா பிடிப்பதில்லை. எடுத்துக்கொண்டு வருகிற எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருப்பது அவள் பொறுப்பு. எங்கள் தொழிலில் அதற்கு ஒருவரும் கைதட்ட மாட்டார்கள். காணாமல் போனால் மட்டும் ஊரே திரண்டு வரும்.

அவள் கொம்பனித்தெருவில் பிறந்தவள். அவர்கள் இருந்த, தோட்டம் என்று சொல்கிற நெருக்கமான வரிசை வீடுகளை இடித்து உயர்மாடி கட்டியபோது குடும்பம் தெமட்டகொடைக்கு இடம்பெயர்ந்தது. கொம்பியூட்டர் திருத்தப் படித்து, ஒரு கம்பனிக்காகக் கொட்டாஞ்சேனை நகைக்கடைகளில் ஏணி வைத்து ஏறிக் கமரா பூட்டினவள். பெண் ஏணியில் ஏறுகிறாளே என்று கீழே நின்று வேடிக்கை பார்த்தவர்களிடம் ஏணியைப் பிடிக்கச் சொல்லி வேலை வாங்குவாளாம். அவளுடைய வாப்பா மௌத்தான அன்று அவள் கண்டியில் ஒரு வங்கிக் கட்டடத்தில் கமரா பூட்டிக்கொண்டிருந்தாள். பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் அடக்கிவிட்டார்கள். அவர்கள் வழக்கத்தில் மய்யத்தை வைத்திருப்பதில்லை, படம் எடுப்பதும் இல்லை. வாப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு உடனே எழும்பி, ஒழுங்காக இருந்த வயர்களையெல்லாம் கழற்றித் திரும்பச் சுற்றத் தொடங்கினாள்.

எங்கள் ஸ்ரூடியோவின் களஞ்சிய அறையில் நாலு டிஸ்க் பூட்டிய சேர்வர் பெட்டி ஒன்று இருக்கிறது. மற்றக் கொம்பியூட்டர்கள் எல்லாம் நெட்வேர்க் வழியாக அதில்தான் எடுப்பதும் வைப்பதும். கடலோரத்தால் ரயில் போகும்போது எங்கள் மாடி ஒருமுறை சிலிர்க்கும். அந்த அதிர்வு டிஸ்க்குக்கு ஆகாது என்று பழைய செருப்பின் றப்பரை வெட்டிப் பெட்டியின் காலடியில் வைத்திருந்தாள். ஒவ்வொரு ரயிலுக்கும் எழும்பிப் போய்ப் பெட்டியில் காதை வைத்துப் பார்ப்பாள். ரயில் போனால் போகட்டும், நீ இரு என்று கத்துவேன். கேட்டால்தானே.

செத்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் கனடாவிலும் லண்டனிலும். தாய் தகப்பன் இங்கே கண்ணை மூடினால் வர முடியாதவர்கள் போனில் நேரலையாகப் பார்ப்பார்கள். அதை அனுப்புவது நாங்கள். கலியாண வீட்டுக் கொப்பியை நாலு இடத்துக்கு அனுப்பச் சொல்லி அடித்துப்பிடித்துக் கேட்பார்கள். செத்த வீட்டுக் கொப்பியை ஒருவரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். வைத்திருக்கக் கூடாதாம், வீட்டுக்கு ஆகாதாம். "உங்களிட்டயே கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை அதற்கும் மேலே. பொதுச் சேர்வரைத் தவிர, செத்த வீட்டுப் படம் கலியாண அல்பம் செய்கிற மெஷினில் ஏறக் கூடாது, கலியாணக்காரருக்குப் போகிற எந்த டிஸ்க்கிலும் பென் டிரைவிலும் படக் கூடாது என்பது அவர் சட்டம். ஆக, வெள்ளவத்தையில் கண்மூடின இத்தனை பேரின் கடைசிப் பயணமும் அந்தச் சேர்வரில் மட்டும்தான் இருந்தது. வேறெங்கும் ஒரு கொப்பி கிடையாது.

அதில் ஒன்று இராஜநாயகம் அத்தானுடையது. ஸ்ரீஸ்கந்தராசா அண்ணையின் தங்கை நாகேஸ்வரி அக்காவின் புருஷன். அவர் போனபோது ஒரே மகன் அபிஷன் ரொறன்ரோவில் அகதி வழக்கு முடியாமல் இருந்தான். இங்கே வந்தால் திரும்பிப் போக முடியாது. நேரலைக்கு லிங்க் அனுப்பினோம். பஹ்மியா லப்டொப்போடு ஒரு மூலையில் நின்றாள், ஹெட்போன் மாட்டிக்கொண்டு. அதனால் அவளுக்கு இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, நாகேஸ்வரி அக்கா கமராவுக்குக் கிட்ட வந்து, மகன் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்து, தகப்பன் அவனுக்காகச் சொல்லிவைத்த ஒரு சொல்லைச் சொன்னது. மற்றது, பார்க்கிறவர்களின் பெயர் வரிசையிலிருந்து அபிஷனின் பெயர் அதற்கு முன்னமே மறைந்துவிட்டது, அந்த நேரம் அந்தப் பக்கத்தில் அவன் இல்லை என்பது.

அடுத்த நாள் அபிஷன் பஹ்மியாவுக்குத்தான் போன் எடுத்தான், மாமனுக்கு எடுக்கவில்லை. பார்க்க ஏலாமல் போனை மூடிவிட்டானாம். தாய் கேட்டதற்குப் பார்த்தனான் என்று சொல்லிவிட்டானாம். எப்போதாவது மனம் வரும்போது பார்க்கிறேன், அழிய விடாதேயுங்கோ அக்கா என்று கேட்டான். அவள் வாக்குக் கொடுத்தாள். தாய், மகன் கேட்டுவிட்டான் என்று நினைத்து அந்தப் பேச்சையே பிறகு எடுக்கவில்லை. மகனோ, தான் வராததைத் தகப்பன் பொறுக்காமலே போய்விட்டார் என்று நினைத்து, போனில் தகப்பன் பேச்சு வந்தாலே வேலைக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுவான்.

இதை அவள் என்னிடம் சொன்ன அன்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீதானே உன் காதால் கேட்டாய், ஒரு போன் எடுத்து இன்னதுதான் சொன்னார் என்று சொன்னால் வாயா தேய்ந்துவிடும் என்று கேட்டேன். அவள் மேசையில் மோதிரத்தால் தட்டிக்கொண்டே, சொல்வதையெல்லாம் செல்வது என்கிற அவர்கள் வீட்டுப் பேச்சில் சொன்னாள்.

"நான் செல்லலாம், மயூரி. நான் சென்னா அது ஆறுதலுக்குச் சென்ன கதையாப் போயிரும். அவங்கட அம்மா வாயால கேட்டாத்தான் அவர் நம்புவார்."

அப்படியே வருஷங்கள் ஓடின. போன ஆனி மாதம் அபிஷனுக்கு வழக்கு முடிந்து பேப்பர் கிடைத்தது. முதல் தடவையாக வரப் போகிறான் என்று நாகேஸ்வரி அக்கா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தா. சரியாக அந்தக் கிழமைதான் சேர்வரில் ஒரு டிஸ்க் செத்தது.

நாலில் ஒன்று போனால் மற்ற மூன்றும் சேர்ந்து சமாளிக்கும். புதிது ஒன்றைப் பூட்டினால், மூன்றையும் வாசித்து, போனதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துப் புதியதில் எழுதிக்கொள்ளும். அது முடிவதற்குள் இன்னொன்றும் செத்தால் எல்லாம் போச்சு. மிச்ச மூன்றும், செத்த டிஸ்க்கோடு ஒன்றாக வாங்கின, அதே வயதுக் கிழங்கள். பெட்டியின் முன்னால் சிவப்பு லைற் எரியத் தொடங்கியதிலிருந்து பஹ்மியாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் நடக்கிற நடையில் எனக்கும் அல்பத்தில் மனம் பதியவில்லை. மணமகளின் தலையில் மாமியாரின் கொண்டையை ஒட்டிவிட்டுத் திரும்ப வெட்டினேன்.

டிஸ்க் என்றால் டிஸ்க்தானே, ஒன்றை வாங்கிப் பூட்ட வேண்டியதுதானே என்று அண்ணையும் கேட்டார், நானும் கேட்டேன். இல்லையாம். வேலைக்குத் தக்க வகை இருக்கிறதாம். நகைக்கடைக் கமராவுக்கு அவள் பூட்டின வகை, நிற்காமல் எழுதிக்கொண்டே போவதற்குச் செய்தது. ஒரு துண்டு பழுதென்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். கள்ளனின் தொப்பி ஒரு கணம் மங்கினால் யாருக்கென்ன. மேசைக் கொம்பியூட்டரின் வகை நேர் எதிர். பழுதான துண்டை வாசித்தே தீருவேன் என்று பிடிவாதமாக நின்றுவிடும், கூப்பிட்டால் ஏன் என்று கேட்காது. தனியாக இருக்கிற இடத்தில் அது நல்ல குணம்தான். சேர்வருக்குள் நாலு பேரோடு இருக்கும்போது, பெட்டி இவன் செத்துவிட்டான் என்று முடிவுகட்டி வெளியே தள்ளிவிடும். சேர்வருக்கென்றே செய்த வகை, முடியாது என்றால் முடியாது என்று உடனே சொல்லும், மற்ற மூன்றும் கைகொடுக்கும். பக்கத்து டிஸ்க்குகளின் அதிர்வையும் அது தாங்குமாம். இவ்வளவையும் நின்றபடி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒரே மூச்சில் சொன்னாள்.

பம்பலப்பிட்டிக் கடைகளெல்லாம் ஏறி இறங்கினாள். சரியான வகை கையிருப்பில் இல்லை. கடைக்காரன், "லபன சதியே, நங்கி" என்றானாம். அடுத்த கிழமை, தங்கச்சி என்று சிங்களத்தில் எத்தனை கிழமையாகச் சொல்வார்கள் என்பது கொழும்பில் எல்லாருக்கும் தெரியும். அவள் ஓடர் கொடுத்துவிட்டு வந்தாள். அதற்குள் ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை தங்கைக்குச் சொல்ல, தங்கை மகனுக்குச் சொல்ல, விஷயம் ரொறன்ரோவுக்குப் போய்விட்டது. எங்கள் ஆட்களுக்கு இதொரு வியாதி. ஒழுங்கை முனைக் கடையில் கிடைக்கிற சாமானாக இருந்தாலும், வெளிநாட்டிலிருந்து ஆர் வாறது என்று பார்த்துத்தான் சொல்லிவிடுவோம். பஹ்மியா எழுதிக் கொடுத்த வகையின் பெயர் இரண்டு வாய் மாறி அபிஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது, "பெரிய டிஸ்க்காப் பாத்து ஒண்டு" என்று ஆகியிருந்தது.

அபிஷன் வந்த மறுநாளே ஸ்ரூடியோவுக்கு வந்தான். நெட்டையாக வளர்ந்திருந்தான், இராஜநாயகம் அத்தானின் அதே முன்தள்ளின நெற்றி. பையிலிருந்து பெட்டியை எடுத்து இரண்டு கையாலும் பஹ்மியாவிடம் நீட்டினான். உடுப்புக்குள் சுற்றி, மடியில் வைத்தே கொண்டுவந்தானாம். காசு எவ்வளவு என்று அண்ணை கேட்க, கையைத் தட்டிவிட்டான்.

"காசு வேண்டாம், மாமா. அப்பா இருக்கிற பெட்டியெல்லோ. என்ர பங்குக்கு ஒண்டு இருக்கட்டும்."

பஹ்மியா பெட்டியைத் திருப்பி லேபிளைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் மோதிர விரல் பெட்டியில் தட்டத் தொடங்கியது. அது மேசைக் கொம்பியூட்டரின் வகை. அதிலும் இன்னொரு பிசகு இருந்தது. தானம் தந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இவளுடைய தொழிலே பல்லைப் பிடித்துப் பார்ப்பதுதான். பார்த்துவிட்டு என்ன, வாயைத் திறந்தாளா என்றால் இல்லை. நல்ல சாமான், தம்பி, என்றாள். அண்ணை பஞ்சாங்கம் பார்த்து நல்ல நேரம் போகுமுன் பூட்டச் சொல்ல, அபிஷன் பக்கத்தில் நின்று போனில் படம் எடுக்க, அவள் பூட்டினாள். பெட்டியின் லைற் மஞ்சளானது. அண்ணை எல்லாருக்கும் கேக் வாங்கிவரச் சொன்னார்.

அபிஷன் போன பிறகு களஞ்சிய அறையில் அவளைப் பிடித்தேன். அப்போதுதான் மற்றப் பிசகைச் சொன்னாள்.

"இது கூர ஓடு மாதிரி, மயூரி. ஒண்டுக்கு மேல ஒண்டு ஏத்தி எழுதுற டிஸ்க். நடுவில ஒண்ட மாத்தணும்டா மேல ஈக்கிறதெல்லாம் கழட்டித் திரும்பப் போடணும். ஒரு தரம் எழுதிட்டுச் சும்மா வெச்சீந்தா ஒரு கரச்சலும் இல்ல. இந்தப் பெட்டிக்குள்ள போட்டா இழுபட்டுத்தான் சாகும்."

அப்படியென்றால் ஏன் பூட்டினாய் என்று கேட்டேன். கோபத்தில் என் குரல் உயர்ந்துவிட்டது. அவர் ஆசையாகக் கொண்டுவந்திருக்கிறார், வாப்பா இருக்கிற பெட்டி என்கிறார், மூஞ்சிக்கு நேரே எப்படி வேண்டாம் என்று சொல்கிறது என்று திருப்பிக் கேட்டாள். நல்ல கதை. எனக்கு வந்த ஆத்திரத்தில், அந்த ஒரு செத்த வீட்டையாவது புதுப் பென் டிரைவ் ஒன்றை வாங்கி எடுத்து வையடி என்றேன். மற்ற ஆட்களின் மய்யத்தையெல்லாம் என்ன செய்கிறது, அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்தானே என்றாள். அதோடு, இப்போது பெட்டி மூன்று கிழங்களையும் போட்டு வாசித்துக்கொண்டிருக்கிறது, அதற்குள் நாமும் போய் இழுத்தால் தாங்காது என்றாள். சரியோ பிழையோ தெரியாது, எனக்கு அவளை உலுப்ப வேண்டும் போல இருந்தது.

அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரு எண்ணைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்தோம். எத்தனை சதவீதம் எழுதியாயிற்று என்று திரையில் விழும். முதலில் மளமளவென்று ஏறியது. பிறகு நடந்தது. பிறகு தவழ்ந்தது. பிறகு ஒரே இடத்தில் குந்திக்கொண்டது. பஹ்மியா பெட்டிக்கும் திரைக்குமாக நடந்தாள். தேத்தண்ணீரைப் பாதிகூடக் குடிக்கவில்லை. தொழுதுவிட்டு எழும்பினதும் பாயைச் சுருட்டுமுன் திரையைத்தான் பார்ப்பாள். அபிஷன் தினமும் வந்தான். அவனும் வேறொரு விதத்தில் இருப்புக் கொள்ளாமல்தான் இருந்தான். இன்றைக்குப் பார்க்கிறேன் அக்கா என்று வந்து உட்காருவான், பிறகு ரோல்ஸ் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று எழும்பிப் போவான், போனால் போனதுதான். அவன் திரும்பிப் பறக்கிற நாள் கிட்ட வந்துகொண்டிருந்தது. அதுவரை அந்தக் கிழங்கள் தாங்க வேண்டும், அவனுக்கு மனம் வர வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பெட்டி கீச்சென்று கத்தத் தொடங்கியது. அபிஷனின் டிஸ்க்கைச் செத்தது என்று சொல்லி வெளியே தள்ளிவிட்டது. அது சாகவில்லை, மூச்சுத் திணறி நின்றது, அவ்வளவுதான். பம்பலப்பிட்டியில் ஓடர் கொடுத்த டிஸ்க்கோ இன்னும் வந்தபாடில்லை. பஹ்மியா அண்ணையிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னாள். வகை பிழை, கண்டதுமே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அண்ணை தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, "அவனுக்குச் சொல்லிப்போடாத பிள்ளை, மனம் நொந்துபோவான்" என்பதுதான். இதற்கு என்ன செய்கிறது. அழிந்தாலும் அழியட்டும், மருமகன் முகம் வாடக் கூடாது. இன்னொருக்காப் பூட்டிப் பாரன் என்று வேறு சொன்னார். பஹ்மியா மாட்டேன் என்றாள். அவள் அண்ணையிடம் மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

ஏனென்றால் ரயிலுக்கு எழும்பிப் போன ஒரு தடவை, அவள் காதில் வேறொரு சத்தம் விழுந்திருந்தது. மூன்று கிழங்களில் ஒன்று, நகம் வெட்டுகிற மாதிரி, டிக், டிக் என்று. என்னைக் கூப்பிட்டுக் காதை வைக்கச் சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை.

பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வரும். அவள் தள்ளப்பட்ட அந்த டிஸ்க்கை வெளியே இழுத்தாள், துடைத்து வெறுமையாக்கினாள், ஒரு வயரால் தனியாக இணைத்து, கிழங்கள் தாங்கும்வரை அதற்குள் கொப்பி எடுக்கத் தொடங்கினாள். ஒரு தரம் எழுதிவிட்டுச் சும்மா வைப்பதற்கு அதைவிடத் திறமான டிஸ்க் கிடையாது. கலியாணத்துக்குப் போன டிஸ்க்கும் இல்லை, புத்தம் புதிது, செத்த மனிதரின் மகனே கொண்டுவந்தது. அண்ணையின் சட்டத்தில் ஒரு ஓட்டையும் கண்டுபிடிக்க ஏலாது. அண்ணை கலியாண வீடுகளை முதலில் எடு என்றார். லண்டன் ஆட்கள், பெரிய ஆட்கள், நாளைக்குக் கேட்டால் என்ன பதில் சொல்கிறது என்றார். அவள் திரும்பியே பார்க்கவில்லை.

"கலியாணமெல்லாம் நாலு வீட்டில ஈக்கு, சேர். மௌத்து இங்க மட்டும்தான் ஈக்கு."

முதலில் இராஜநாயகம் அத்தான். அது போய்ச் சேர்ந்ததும் ஒரு மூச்சு விட்டாள். பிறகு அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக வரிசையில் வந்தார்கள். கப்பல் வேலைக்காரர் ஒருவர், எங்கள் ஒழுங்கைத் தையற்கார அம்மா, பரீட்சைக்குப் போன வழியில் ரயிலில் அடிபட்ட பெடியன் ஒருவன். நானும் அல்பத்தை விட்டுவிட்டு அவளோடு நின்றேன். டிக், டிக் சத்தம் அப்போது எனக்கும் கேட்டது. செத்த வீடுகள் எல்லாம் முடிந்து, கலியாணங்களில் கை வைத்து, நாதஸ்வரக்காரர் திரையில் வந்து நின்ற இடத்தில் பெட்டி மௌனமானது. இரண்டாவது கிழமும் போய்விட்டது. அதோடு எங்கள் பழைய கலியாண வீடுகளும் சாமத்திய வீடுகளும் போய்விட்டன.

அண்ணை வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். கத்தினார், கதவை அடித்தார், நாற்பது வருஷத் தொழில் என்றார். பஹ்மியா நின்றபடி எல்லாவற்றையும் கேட்டாள். நான் விட்டுவைப்பேனா. கலியாணக்காரருக்கு ஒரு போன் எடுத்துப் பாருங்கோ அண்ணை, கொப்பியைக் கோவில் சாமி போலப் பொத்திப் பொத்தி வைத்திருப்பார்கள் என்றேன். அப்படியே நடந்தது. லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் கலியாண வீடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன, எங்கட கலியாணத்தை ஸ்ரூடியோவே தேடிக் கேட்கிறது என்ற சந்தோசப் புழுகத்தோடு. செத்த வீட்டுக்கு அப்படிப் போன் எடுக்க உலகத்தில் ஒரு இலக்கம்கூட இருந்திருக்காது.

அபிஷன் பறக்கிறதுக்கு முதல் நாள் வந்தான். பஹ்மியா அவனுக்குக் கதை ஒன்றும் சொல்லவில்லை. தம்பி, இன்றைக்கு எழும்பிப் போனால் நான் கதவைப் பூட்டுவேன் என்று மட்டும் சொன்னாள். அவன் கொண்டுவந்த டிஸ்க்கை இணைத்து, கதிரையை இழுத்துப் போட்டு, ஹெட்போனை அவன் கையில் கொடுத்தாள். நாங்கள் இருவரும் வெளியே நின்றோம். அவனுடைய முதுகு மட்டும் கண்ணாடிக் கதவால் தெரிந்தது. ஹெட்போனை அவன் மாட்டாமல் வயரைக் கழற்றிவிட்டான் போல, சத்தம் ஸ்பீக்கரால் மெல்லிசாக வெளியே வந்தது. தேவாரம் கேட்டது. பிறகு நாகேஸ்வரி அக்காவின் குரல், கமராவுக்கு மிகவும் கிட்டவாக.

"தம்பி, பாக்கிறியோ? அப்பாவைப் பாரப்பன். ஆஸ்பத்திரியில கிடக்கேக்க, உன்னை வரச் சொல்லவோ எண்டு கேட்டனான். வேண்டாம், பேப்பர் பழுதாப் போம், அவன் அங்கயே நிண்டு பிழைக்கட்டும், நான்தான் வரவேண்டாமெண்டு சொன்னனானெண்டு சொல்லு எண்டவர். கேக்குதோ? அப்பா சொன்னவர், ராசா. நீ ஒண்டுக்கும் அழாத."

அந்த முதுகு மேசையில் கவிழ்ந்தது. பஹ்மியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அழுதேன், ஒளிக்க என்ன இருக்கிறது. அவளும் அழுதாள். ரயில் போனது, மாடி சிலிர்த்தது, அவள் அசையவில்லை. அந்த ஒரு ரயிலுக்குத்தான் அவள் எழும்பிப் போகாமல் நின்றது.

அபிஷன் திரும்பத் திரும்ப அந்த இடத்தையே போட்டுக் கேட்டான். வெளியே வந்தபோது கண் வீங்கியிருந்தது. சேர்வர் பெட்டி நாலு வாயும் திறந்தபடி வெறுமையாகக் கிடப்பதை அப்போதுதான் கண்டான். தன்னுடைய டிஸ்க் ஏன் உள்ளே இல்லாமல் வெளியே வயரில் தொங்குகிறது என்று கேட்டான். பஹ்மியா நடந்த எல்லாவற்றையும் சொன்னாள், வகை பிழை என்பதிலிருந்து. அவன் டிஸ்க்கைத் திருப்பி லேபிளைப் பார்த்தான்.

"அண்டைக்கு லேபிளைப் பாக்கேக்கயே தெரியுமோ, அக்கா?"

"தெரியும்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்ல? அப்பா அழிஞ்செல்லோ போயிருப்பார்."

"நீங்களும் பாக்கல்லண்டு அம்மாக்குச் செல்லல்லதானே, தம்பி."

அவன் டிஸ்க்கின் வயரைக் கழற்றினான், அம்மாவோட இருந்து பாத்திட்டு இரவைக்கே திருப்பித் தாறன் அக்கா என்றான். அதைச் சேட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு படியிறங்கி, தாயின் வீட்டுப் பக்கம் நடந்தான். செத்த வீட்டை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதென்று அண்ணை பின்னால் கூப்பிட்டுப் பார்த்தார். அவன் திரும்பவில்லை.